மாறு என்று சொல்வது யார்?

நியூயார்க் மாநிலத்தில் ஹட்சன் ஆற்றுப் பக்கம் காளான் வளர்த்து விற்றவர் ஹெர்மன் நாஸ்ட். காளானுக்கு இருட்டும் சீரான குளிர்ச்சியும் வேண்டும் என்பதால், இரும்புத்தாது தோண்டி முடித்துக் கைவிட்டிருந்த ஒரு சுரங்கத்தை 1936-இல் 9,000 டாலருக்கு வாங்கிப்போட்டார். பதினைந்து ஆண்டுகளில் காளான் சந்தை மாறிவிட்டது. அதற்குள் சோவியத் ஒன்றியம் அணுகுண்டை வெடித்துப் பார்த்துவிட்டிருந்தது. நகரத்தின் மேல் ஒரு குண்டு விழுந்தால் யார் யாருக்கு எவ்வளவு பாக்கி என்ற கணக்கே சாம்பலாகிவிடும் என்ற பயம் அமெரிக்க வங்கிகளைப் பிடித்திருந்தது. 1951-இல் நாஸ்ட் அதே சுரங்கத்துக்கு இரும்புக் கதவு போட்டு, 'அயர்ன் மவுன்டன் அட்டாமிக் ஸ்டோரேஜ்' என்று பெயர் வைத்து, ஆவணங்களை வாடகைக்குக் காக்கும் தொழிலைத் தொடங்கினார். முதலில் வந்த வாடிக்கையாளர் ஈஸ்ட் ரிவர் சேவிங்ஸ் வங்கி. வைப்புக் கணக்குகளின் மைக்ரோஃபிலிமும் கையெழுத்து அட்டைகளின் நகலும் கவச வண்டியில் ஏறி மலைக்குப் போயின. நிறுவனங்கள் தங்கள் கணினிகளையும் தரவுகளையும் பேரிடரிலிருந்து மீட்டெடுக்கத் திட்டமிடும் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கப் புள்ளி இல்லை. எங்கே வைப்பது, எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பதுதான் அன்று எல்லோரும் கேட்ட கேள்வி. குண்டு விழுந்த மறுநாள் அந்த மைக்ரோஃபிலிமை யார் போய் எடுப்பது, எந்தக் கட்டடத்தில் எந்த இயந்திரத்தில் போட்டுப் படிப்பது, 'இனி மலையிலுள்ள கணக்குதான் கணக்கு' என்று அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு என்ற கேள்விகள் பின்னுக்குப் போயின. அடுத்த எழுபது ஆண்டுகளில் முதல் வகைக் கேள்விகளுக்கு அருமையான விடைகள் கிடைத்தன. இரண்டாம் வகைக் கேள்விகள் ஒவ்வொரு விபத்திலும் திரும்பத் திரும்ப எழுந்து வந்தன. இந்தத் தொழிலின் வரலாற்றை நான் படிக்கும் விதம் இதுதான்: நகல் இருந்தும் வீழ்ந்தவர்களைப் பெரும்பாலும் வீழ்த்தியது, நகலுக்கு மாறும் முடிவை எடுக்கத் தெரியாததும் மாறிப் பழகாததும்.

நகலே இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு ஒரே ஓர் எடுத்துக்காட்டு போதும். 1973 ஜூலை 12 அன்று மிசூரி மாநிலம் செயின்ட் லூயிஸ் அருகே அமெரிக்க ராணுவத்தினரின் பணிப் பதிவேடுகளை வைத்திருந்த கட்டடத்தின் ஆறாவது மாடியில் தீப்பிடித்தது. 1 கோடியே 60 லட்சம் முதல் 1 கோடியே 80 லட்சம் கோப்புகள் வரை அழிந்தன. அவற்றுக்கு மறுபிரதி கிடையாது, மைக்ரோஃபிலிம் எடுக்கப்படவில்லை, எந்தெந்தக் கோப்பு இருந்தது என்று சொல்லும் அட்டவணைகூட இல்லை. இரண்டு உலகப் போர்களிலும் கொரியாவிலும் பணிபுரிந்த தரைப்படையினரின் ஓய்வூதியத்துக்கும் மருத்துவ உதவிக்கும் ஆதாரமாக இருந்த காகிதங்கள் அவை. சம்பளப் பட்டியல், மருத்துவமனைச் சீட்டு என்று வேறு அலுவலகங்களில் கிடந்த துண்டுகளைக் கொண்டு ஒவ்வொருவரின் பணிக் கணக்கையும் திரும்ப ஒட்டவைக்கும் வேலை பல பத்தாண்டுகள் நீண்டது. நகல் வேண்டும் என்பதில் அதன்பின் யாருக்கும் கருத்து வேறுபாடு இருக்க நியாயமில்லை. எழுபதுகளில் பெரிய நிறுவனங்களின் கணினி அறைகளிலிருந்து அன்றாடக் கணக்கை ஏற்றிய காந்த டேப்புகள் பெட்டி பெட்டியாக வேனில் ஏறி ஊருக்கு வெளியே இருந்த கிடங்குகளுக்குப் போவது வழக்கமாகிவிட்டது.

டேப் பத்திரமாக இருக்கும், அதை ஓட்டுவதற்கு மெயின்ஃப்ரேம் வேண்டுமே. லட்சக்கணக்கான டாலர் விலையுள்ள இன்னொரு இயந்திரத்தை வாங்கிச் சும்மா வைத்திருக்க எந்த நிறுவனத்துக்கும் மனம் வராது. இந்த இடைவெளியில்தான் பிலடெல்ஃபியாவில் 1978-இல் ஒரு புதிய வணிகம் பிறந்தது. சன் ஆயில் என்ற எண்ணெய் நிறுவனத்தின் கணினிப் பிரிவு, பல நிறுவனங்கள் சந்தா கட்டிப் பகிர்ந்துகொள்ளும் ஒரு மாற்றுக் கணினி மையத்தை உருவாக்கியது. அதுதான் பிற்காலத்தில் சன்கார்டு என்று உலகெங்கும் கிளை பரப்பியது. மின்சாரம், குளிர்சாதனம், இயந்திரம் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும் நிலையில் தயாராக இருப்பதால் இத்தகைய இடத்துக்கு 'ஹாட் சைட்' என்று பெயர். வெறும் தரையும் மின் இணைப்பும் மட்டும் இருந்தால் அது 'கோல்ட் சைட்'. பல சந்தாதாரர்களுக்கு ஒரே நாளில் தீப்பிடிக்காது என்ற நம்பிக்கையே இந்த வணிகத்தின் மூலதனம்; காப்பீட்டுத் தொழிலின் அதே கணக்கு.

ஆனால் அந்த ஒப்பந்தங்களின் இரண்டு விதிகளைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வாடிக்கையாளர் ஹாட் சைட்டுக்குள் நுழைய, 'எங்களுக்குப் பேரிடர் நேர்ந்துவிட்டது' என்று முறைப்படி அறிவிக்க வேண்டும். அப்படி அறிவித்த மாத்திரத்தில் தனிக் கட்டணம் ஒன்று விழும். உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் வாடகை வேறு. அடுத்து, ஒரே இயந்திரத்துக்கு இருவர் வந்தால் முதலில் அறிவித்தவருக்கே முன்னுரிமை. ஒரு விதி அவசரப்படாதே என்றது, இன்னொன்று தாமதிக்காதே என்றது. நள்ளிரவில் டிஸ்க் பழுதாகி நிற்கும் கணினி அறை மேலாளரின் நிலையை நினைத்துப் பாருங்கள். இயந்திரத்தைத் திறந்து வைத்திருக்கும் பொறியாளர் இன்னும் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிடும் என்கிறார். அறிவித்தால் பல்லாயிரம் டாலர் செலவு. அறிவித்த பிறகு இயந்திரம் சரியாகிவிட்டால், வீண் செலவு வைத்தவர் என்ற பெயர். அறிவிக்காமல் விட்டுக் காலையில் கிளைகள் திறக்கும்போதும் சரியாகாவிட்டால், நிறுவனமே நின்றுபோகும். தொழிலின் தொடக்க நாளிலேயே இந்தத் தயக்கத்துக்கு ஒரு விலைச்சீட்டு ஒட்டப்பட்டுவிட்டது. பின்னாளில் கட்டணம் மறைந்த இடங்களிலும் தயக்கம் மறையவில்லை.

அரசு உள்ளே வந்தது எண்பதுகளில். அமெரிக்காவின் தேசிய வங்கிகளைக் கண்காணிக்கும் அலுவலகம் 1983-இல் வெளியிட்ட சுற்றறிக்கை, வங்கிகள் எழுத்தில் மீட்புத் திட்டம் வைத்திருக்க வேண்டும் என்றது. இரண்டே ஆண்டுகளில், 1985 நவம்பர் 21 அன்று, பேங்க் ஆஃப் நியூயார்க்கின் அரசுக் கடன்பத்திர மென்பொருள் பழுதானது. பத்திரங்கள் உள்ளே வந்துகொண்டே இருந்தன, வெளியே அனுப்பிப் பணம் வாங்க முடியவில்லை. அன்றிரவு அந்த வங்கி மத்திய வங்கியிடம் 2,200 கோடி டாலருக்கு மேல் கடன் வாங்க நேர்ந்தது. கட்டடம் எரியவில்லை, வெள்ளம் வரவில்லை. பேரிடர் என்ற சொல்லுக்கு வங்கிகள் மனத்தில் வைத்திருந்த படம் போதாது என்பதை அந்த ஓர் இரவு காட்டிற்று. எழுத்துத் திட்டங்கள் பெருகின. தடித்த கோப்புகள் அலமாரியில் ஏறின. ஒத்திகையும் நடந்தது, ஆனால் எப்படி? சந்தாவில் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் என்று ஒத்திகைக்கு ஒதுக்கியிருப்பார்கள். தேதி பல வாரங்களுக்கு முன்பே தெரியும். எந்த டேப்புகள் தேவைப்படும் என்று நிதானமாகத் தேர்ந்து பெட்டி கட்டி அனுப்பி, கைதேர்ந்த ஆட்களை மட்டும் கூட்டிப்போய், ஓட்டிக் காட்டிவிட்டுத் திரும்புவதே வாடிக்கை. இத்தகைய ஒத்திகையில் இயந்திரம் சோதிக்கப்பட்டது. 'மாறு' என்ற சொல்லைச் சொல்ல வேண்டிய மனிதர் சோதிக்கப்படவே இல்லை.

2001 செப்டம்பர் 11 இந்தத் தொழிலின் மிகப் பெரிய சோதனை. நகலும் தூரமும் எங்கே போதாமல் போயின, எங்கே பழக்கம் கைகொடுத்தது என்பதை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது. பல நிதி நிறுவனங்களின் மாற்று இடமும் கீழ் மன்ஹாட்டனிலேயே இருந்ததால் இரண்டையும் ஒன்றாக இழந்தன. இரண்டு வெவ்வேறு தொலைபேசி நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கி நிம்மதியாக இருந்தவர்கள், இரண்டு கம்பிகளும் வெஸ்ட் தெரு 140-ஆம் எண் வெரைசான் கட்டடம் வழியாகவே போனதை அது பலத்த சேதமடைந்த பிறகே அறிந்தார்கள். இன்னொரு பக்கம் கேன்டர் ஃபிட்ஸ்ஜெரால்ட் இருந்தது. உலக வர்த்தக மையத்தின் வடக்குக் கோபுர உச்சியில் அலுவலகம் வைத்திருந்த அந்த நிறுவனம் ஒரே காலையில் 658 ஊழியர்களை இழந்தது. வேறெந்த நிறுவனமும் அன்று இவ்வளவு பேரை இழக்கவில்லை. ஆனாலும் கடன்பத்திரச் சந்தை செப்டம்பர் 13 அன்று மீண்டும் திறந்தபோது அதன் மின்னணு வணிகத் தளமான ஈஸ்பீடு இயங்கியது. நியூ ஜெர்சியின் ரோஷல் பார்க்கில் இருந்த அவர்களுடைய இரண்டாவது மையம் பூட்டி வைக்கப்பட்ட இடமாக இல்லாமல், கோபுரத்திலிருந்த மையத்தோடு நாள்தோறும் சேர்ந்தே ஓடிக்கொண்டிருந்தது. லண்டன் அலுவலகமும் உயிரோடு இருந்தது.

அந்த இரண்டு நாள்களுக்குள் நடந்த ஒன்றை இங்கே சொல்லாமல் போக முடியாது. இயந்திரங்கள் இருந்தன, தரவு இருந்தது, உள்ளே நுழையக் கடவுச்சொல் இல்லை. கடவுச்சொற்களை வைத்திருந்தவர்கள் இறந்துவிட்டார்கள். மைக்ரோசாஃப்ட் அனுப்பிய வல்லுநர்கள் கணினி கொண்டு சொற்களை உடைத்துப் பார்த்தார்கள்; அதற்கு உதவியாக, இறந்தவர்களின் வீடுகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, உங்கள் கல்யாண நாள் எது, வளர்த்த நாயின் பெயர் என்ன என்று கேட்க வேண்டியிருந்தது. துக்க வீட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களையும் அதற்குப் பதில் சொன்ன மனைவிமாரையும் நினைத்தால் மனம் கனக்கிறது. மீட்புத் திட்டம் எழுதும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. வேறு இடத்தில் வைத்த நகலோடு, வேறு இடத்தில் இருக்கும் வேறு ஒரு மனிதருக்கும் அந்தச் சாவி தெரிந்திருக்க வேண்டும்.

அதே நாளில் நகர நிர்வாகத்தின் அவசரகாலக் கட்டுப்பாட்டு மையமும் அழிந்தது. அது உலக வர்த்தக மைய வளாகத்தின் ஏழாம் எண் கட்டடத்தில்தான் இருந்தது. ஆனால் செப்டம்பர் 12 அன்று நடத்துவதற்காக உயிரியல் தாக்குதல் ஒத்திகை ஒன்று திட்டமிடப்பட்டிருந்தது. அதற்காக ஹட்சன் கரையில் 92-ஆம் எண் படகுத்துறையில் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. நிர்வாகம் அங்கேயே குடியேறி அங்கிருந்தே மீட்புப் பணிகளை நடத்தியது. அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம்தான். தேதி பொருந்தியது அதிர்ஷ்டம். ஒத்திகை நடத்தும் பழக்கம் அதிர்ஷ்டம் இல்லை.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். பிழைத்தவர்களின் கதைகள் மட்டுமே நம் காதுக்கு வருகின்றன, பயின்றிருந்தும் வீழ்ந்தவர்கள் எத்தனை பேரோ என்று கேட்கலாம். இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஏனென்றால் இந்தத் தொழிலே தன் வாடிக்கையாளர்களைப் பயமுறுத்த ஆதாரமில்லாத எண்களை நிறையப் பயன்படுத்தியிருக்கிறது. தரவை இழந்த நிறுவனங்களில் நூற்றுக்கு இத்தனை இரண்டு ஆண்டுகளில் மூடிவிடும் என்ற வகை விற்பனைத்தாள் வாசகங்கள் கண்டத்துக்குக் கண்டம் சுற்றுகின்றன. அவற்றின் மூலத்தைத் தேடிப் போனால் எந்த ஆய்விலும் போய் நிற்பதில்லை. ஆகவே சதவீதங்களை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு நிகழ்ச்சியிலும் எந்தக் கண்ணி அறுந்தது என்று பார்ப்பதே நேர்மையான வழி. அப்படிப் பார்ப்பதற்கு நம் நாட்டிலேயே தெளிவான ஒரு நிகழ்ச்சி இருக்கிறது. அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு.

1994-இல் வணிகத்தைத் தொடங்கிய தேசியப் பங்குச் சந்தை, கூச்சல் போட்டுப் பங்கு விற்கும் களமே இல்லாமல், செயற்கைக்கோள் இணைப்பின் வழியாகத் திரைகளில் பிறந்த சந்தை. கணினி நின்றால் சந்தையே நின்றுவிடும் என்பது தெரிந்திருந்ததால் தொடக்கத்திலிருந்தே மாற்று மையத்தில் கவனம் இருந்தது. முதலில் புனேயில், பிறகு சென்னையில். முதன்மை மையம் மும்பை பாந்த்ரா-குர்லா வளாகத்தில். அதன் தரவை நொடி தவறாமல் பிரதியெடுக்கும் அருகு மையம் மும்பையிலேயே. அதற்கும் அப்பால் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் சென்னை மையம். தாளில் பார்த்தால் இதைவிட ஒழுங்கான ஏற்பாடு வேண்டியதில்லை. 2021 பிப்ரவரி 24 காலையில் முதன்மை மையத்துக்கும் அருகு மையத்துக்கும் இடையே இரண்டு நிறுவனங்களிடமிருந்து வாங்கியிருந்த தொலைத்தொடர்பு இணைப்புகள் தடுமாறின. வழியில் நடந்த சாலை வேலையும் தோண்டலும் காரணம் என்று பின்னர் சந்தை விளக்கமளித்தது. அருகு மைய இணைப்பு அறுந்தால் முதன்மை மையம் தன்பாட்டுக்கு ஓட வேண்டும். ஆனால் தரவுச் சேமிப்புக் கட்டமைப்பு எதிர்பாராத விதமாக நடந்துகொண்டதில், வணிகங்களின் கணக்கைத் தீர்த்துவைக்கும் தீர்வகத்தின் இடர் மேலாண்மை அமைப்பு செயலிழந்தது. யாரிடம் எவ்வளவு பிணை இருக்கிறது என்று பார்க்கும் கண் அது. அது இல்லாமல் வணிகத்தை ஓடவிடுவது பொறுப்பற்ற செயல். 11.40 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டது.

அதன்பின் மணிக்கணக்கில் சந்தை மூடியே கிடந்தது. சென்னை மையம் அழைக்கப்படவில்லை. வழக்கமாக மூடும் நேரமான 3.30 நெருங்கும்வரை மீண்டும் திறக்குமா என்பதே வெளியில் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அன்றைக்கே கணக்கு முடிக்க வேண்டிய வணிகங்களை வைத்திருந்த தரகர்கள், காத்திருக்க வழியில்லாமல் மும்பைப் பங்குச் சந்தையில் கிடைத்த விலைக்கு முடித்துவிட்டார்கள். பிறகு 3.45-க்குத் திறந்து 5 மணிவரை வணிகம் நடந்தது. முடித்தவர்களுக்கு நட்டம், முடிக்காதவர்களுக்குக் குழப்பம். நாட்டின் மிகப் பெரிய சந்தையில் நகல் இருந்தது, தூரம் இருந்தது, இயந்திரம் இருந்தது, பணத்துக்கும் குறைவில்லை. மாறும் முடிவுதான் எடுக்கப்படவில்லை. பழுதுபார்க்கும் இடத்தில் எப்போதும் 'இதோ ஆகிவிட்டது' என்ற நம்பிக்கை ஒளிந்திருக்கும். மாற்று இடத்துக்குப் போனால் திரும்பி வருவது எப்படி, இடையில் எந்தக் கட்டளை விடுபடும் என்ற அச்சமும் கூடவே இருக்கும். பிலடெல்ஃபியாவின் அறிவிப்புக் கட்டணம் தேவைப்படாமலேயே அதே தயக்கம்.

சந்தைகளை ஒழுங்குபடுத்தும் செபி இதற்குக் கொடுத்த மருந்தை நான் இந்தத் தொழிலின் வரலாற்றில் ஒரு திருப்பமாகவே கருதுகிறேன். இன்னொரு மையம் கட்டு என்று அது தொடங்கவில்லை. ஒரு மாதத்துக்குள், மார்ச் 2021-இல் வந்த சுற்றறிக்கை கடிகாரத்தைக் கையில் எடுத்தது. முக்கியமான அமைப்பு ஒன்று நின்றால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடர் என்று அறிவித்தாக வேண்டும். அறிவித்ததிலிருந்து 45 நிமிடத்துக்குள் மாற்று மையத்திலிருந்து இயங்க வேண்டும். இழக்கக்கூடிய தரவு 15 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது. மாற்று மையத்தில் தனியாக நின்று இயக்கக்கூடிய ஆட்களும் இருக்க வேண்டும். இந்த எண்களில் முதலாவதுதான் உயிர்நாடி. 30 நிமிடம் ஆன பிறகு மேலாளர் துணிச்சலானவரா, தயங்குகிறவரா என்ற கேள்விக்கே இடமில்லை. மாறுவது அவருடைய தனிப்பட்ட துணிச்சலாக இருந்த நிலை போய், மாறாமல் இருப்பது விதிமீறல் ஆகிவிட்டது. பின்பு 2024 மார்ச் 2, ஒரு சனிக்கிழமை, வழக்கமான விடுமுறை நாளில் சந்தைகள் திறந்தன. காலை ஓர் அமர்வு முதன்மை மையத்திலிருந்தும், இடைவேளைக்குப் பின் இன்னோர் அமர்வு மாற்று மையத்திலிருந்தும், உண்மையான பங்குகள் உண்மையான பணத்துக்குக் கைமாறின. நாடே பார்க்க நடந்த ஒத்திகை அது.

உண்மைப் பணத்தோடு ஒத்திகை நடத்துவது ஆபத்தில்லையா, ஓடுகிற அமைப்பைக் கையால் தொட்டுக் கெடுத்துக்கொள்வதா என்பது பல நிறுவனங்களின் கணினித் துறைத் தலைவர்கள் மனத்தாரச் சொல்லும் ஆட்சேபம். அது பொய்யான பயம் இல்லை. மாற்றும்போதும் மாறித் திரும்பும்போதும் பழுது வரத்தான் செய்யும். ஆனால் அந்தப் பழுது ஒத்திகையால் பிறந்ததில்லை, ஏற்கெனவே உள்ளே இருந்தது. சனிக்கிழமை முன்னறிவிப்போடு வெளிப்படுவதா, புதன்கிழமை காலை 11.40-க்கு வெளிப்படுவதா என்பதை மட்டும்தான் நாம் தேர்ந்துகொள்ள முடியும். மாற்று மையத்துக்குப் போவதே பேரழிவு என்று ஒரு நிறுவனம் அஞ்சினால், அதனிடம் மாற்று மையம் இல்லை என்றே கொள்ள வேண்டும்.

சென்னையே இந்தக் கதையில் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. பழைய மகாபலிபுரம் சாலையின் மென்பொருள் வளாகங்களில் பல இடங்களில் சர்வர் அறைகளுக்கு எந்தச் சேதமும் இல்லை, ஊழியர்கள்தான் வர முடியவில்லை. நிறுவனங்கள் ஆட்களைப் பேருந்தில் ஏற்றிப் பெங்களூருக்கும் பிற ஊர்களுக்கும் அனுப்பி வெளிநாட்டு வாடிக்கையாளர் வேலையைத் தொடர்ந்தன. 1878-இல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் டிசம்பர் 2 அன்று சென்னையில் அச்சேறவில்லை. மறைமலை நகரிலிருந்த அச்சகத்துக்குத் தொழிலாளர்கள் போய்ச் சேர வழியில்லை. இயந்திரம் சாகும் என்று எழுதிய திட்டங்களுக்கு, இயந்திரம் பிழைத்து மனிதர்கள் அகப்பட்டுக்கொண்ட நாள் புதியதாக இருந்தது. ஓர் ஊருக்கு மாற்று இடமாக இருக்கும் ஊருக்கும் தனக்கென்று மழையும் புயலும் உண்டு.

தூரம் எதையுமே காப்பாற்றாத ஒரு நிகழ்ச்சி 2017-இல் நடந்தது. ஜூன் 27 அன்று உக்ரைனிலிருந்து கிளம்பிய 'நாட்பெட்யா' என்ற நாசவேலை மென்பொருள், உலகக் கப்பல் நிறுவனமான மெர்ஸ்க்கின் வலைப்பின்னலுக்குள் புகுந்தது. பயனர்களை அடையாளம் கண்டு அனுமதிக்கும் டொமைன் கன்ட்ரோலர்கள் அதனிடம் உலகெங்கும் சுமார் 150 இருந்தன. ஒவ்வொன்றும் மற்றவற்றின் நகல். ஒன்று கெட்டால் மற்றொன்று தாங்கும் என்பதால் தனியாக பேக்கப் எடுத்து வைப்பதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருந்ததால் எல்லாம் ஒன்றாக அழிந்தன. ஒன்றே ஒன்று மிஞ்சியது, கானாவில். தாக்குதலுக்கு முன் அங்கே மின்வெட்டு ஏற்பட்டு அது வலையிலிருந்து துண்டித்துப் போயிருந்தது. மீட்புப் பணி நடந்த பிரிட்டனுக்கு இணையம் வழியாக அனுப்ப அலைவரிசை போதவில்லை. அங்கே செல்ல கானா ஊழியருக்கு விசா இல்லை. ஆகவே அவர் அந்த ஹார்ட் டிஸ்க்கை எடுத்துக்கொண்டு நைஜீரியா வரை பறந்து, விமான நிலையத்தில் இன்னொரு ஊழியரிடம் கொடுத்து, அவர் லண்டன் கொண்டுபோய்ச் சேர்த்தார். பத்து நாளில் 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் புதிதாக நிறுவினார்கள். இங்கே என் வாதத்துக்கு எதிராக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: மெர்ஸ்க்கைக் காப்பாற்றியது மின்வெட்டு, எந்தத் திட்டமும் அதைத் தன் வரவில் எழுதிக்கொள்ள முடியாது. ஆனால் 150-உம் ஒரே நேரத்தில் இல்லை என்றால் என்ன செய்வோம் என்ற ஒத்திகையை ஒருமுறை தாளிலாவது நடத்தியிருந்தால், துண்டித்து வைத்த ஒரு நகலின் தேவை அன்று மாலையே தெரிந்திருக்கும்.

இதெல்லாம் பழங்கதை, இப்போது எல்லாம் கிளவுடில் இருக்கிறது, அமேசானோ மைக்ரோசாஃப்டோ பார்த்துக்கொள்ளும் என்ற எதிர்வாதம் இன்று மிக வலுவாக ஒலிக்கிறது. வணிகத்தில் அது வென்றும்விட்டது. ஹாட் சைட் வாடகையில் கோலோச்சிய சன்கார்டின் அந்தப் பிரிவு தனி நிறுவனமாகி, 2019-இலும் 2022-இலும் திவால் மனு கொடுத்தது. ஆனால் கிளவுட் என்பதும் எங்கோ ஒரு தரையில் நிற்கும் கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் நிறுவனத்தின் மையம் எரிந்தபோது, பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். தென் கொரியாவில் 2022 அக்டோபர் 15 அன்று பாங்கியோ தரவு மையத்தில் தீப்பிடித்து, நாடே உரையாடப் பயன்படுத்தும் காக்காவோ சேவைகள் முழுமையாகத் திரும்ப 127 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. தரவின் நகல்கள் வேறு மையங்களில் பத்திரமாக இருந்தன. அந்த மையங்களுக்குச் சேவையை மாற்றிவிடும் கருவிகள் மட்டும் பெரும்பாலும் எரிந்த மையத்திலேயே இருந்தன. மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. ஒரே ஒருமுறை உண்மையாக மாறிப் பார்த்திருந்தால் முதல் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கக்கூடிய குறை.

அடுத்து வந்ததுதான் எனக்கு மிகுந்த வருத்தம் தருவது. காக்காவோ விபத்தை ஒட்டி, டேஜானில் உள்ள அரசின் தரவு மையம் முழுக்க அழிந்தாலும் மூன்று மணி நேரத்தில் மீளலாம் என்று அந்த அரசு மையத்தின் தலைமை உறுதி சொல்லியிருந்தது. 2025 செப்டம்பர் 26 அன்று, லித்தியம் மின்கலங்களை இடம் மாற்றும் வேலையின்போது அங்கே தீப்பிடித்தது. 600-க்கு மேற்பட்ட அரசுச் சேவைகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் அலுவல் கோப்புகளைப் போட்டு வைத்திருந்த ஜி-டிரைவ் என்ற சேமிப்பகத்தில் 858 டெராபைட் அழிந்தது. அளவு பெரிது என்பதால் அதற்கு வெளி நகலே வைக்கவில்லை. அடுத்த வீடு எரிந்ததைப் பார்த்து மூன்று ஆண்டு ஆகியும், உறுதிமொழி சொல்லாகவே நின்றது. செயின்ட் லூயிஸுக்கும் டேஜானுக்கும் நடுவே 52 ஆண்டுகள்.

கடைசியாக, இதெல்லாம் பங்குச் சந்தைக்கும் கப்பல் நிறுவனத்துக்கும் பொருந்தும், பத்துப் பேர் வேலை பார்க்கும் அலுவலகத்துக்கு மாற்று மையம் கட்டுப்படியாகுமா என்று கேட்பவர்கள் உண்டு. மையம் கட்டுப்படியாகாது. ஆனால் பேக்கப்பிலிருந்து ஒரு கோப்பை மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் திறந்து பார்க்க ஒரு காசும் ஆகாது. மென்பொருள் உலகின் நடுவே இருக்கும் கிட்லேப் நிறுவனம் 2017 ஜனவரி 31 அன்று தவறுதலாகத் தன் தரவுத்தளத்தை அழித்துவிட்டு பேக்கப்பைத் தேடியபோது, வைத்திருந்த ஐந்து முறைகளில் ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை. பேக்கப் தோல்வியடைகிறது என்று எச்சரித்த மின்னஞ்சல்களும் வழியிலேயே நிராகரிக்கப்பட்டிருந்தன. ஓர் ஊழியர் வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் எடுத்து வைத்த நகல்தான் உதவியது. குறை வசதியில் இல்லை. திறந்து பார்க்காததில் இருந்தது.

செபியின் கடிகாரம் சந்தைகளைக் கட்டுகிறது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் உண்டு. ஆனால் மருத்துவமனையைப் பாருங்கள்: 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கியபோது, புறநோயாளிப் பதிவிலிருந்து ஆய்வக முடிவு வரை இரண்டு வாரம் போலக் காகிதச் சீட்டில் ஓடியது. எங்கெங்கிருந்தோ வந்து நடைபாதையில் படுத்துக் காத்திருந்த நோயாளிகளின் நேரம்தான் அதற்குச் செலவானது. பங்கு வணிகத்துக்கு 30 நிமிடம் என்று வரையறுக்க முடிந்த நாட்டில், பெரிய அரசு மருத்துவமனைக்கும் நிலப்பதிவு அலுவலகத்துக்கும் இவ்வளவு நிமிடம் என்று வரையறுக்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. மாற்று மையத்திலிருந்து கடைசியாக எந்தத் தேதியில், எத்தனை மணி நேரம் இயங்கினோம் என்பதை ஒவ்வொரு பொது நிறுவனமும் ஆண்டறிக்கையில் ஒரு வரியாக வெளியிட வேண்டும் என்று ஆணையிட்டால் போதும். அந்த வரி வெறுமையாக இருக்கும் இடங்கள் எவை என்று மக்களும் சட்டமன்றமும் கேட்கத் தொடங்கலாம்.